கையெழுத்தின் கனம் அறிந்த கென்னடி

கையெழுத்துப் போடுவது மிக எளிய வேலை. ராங்க் கார்டில் அப்பா கையெழுத்துப் போட அரை நிமிடம்கூட ஆவதில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்துக்காக நாம் கதவோரம் நின்று எத்தனை நேரம் தவிக்கிறோம்! குடும்பத் தலைவரின் அதிகாரமும் பொறுப்பும் அந்த ஒரு கோட்டில் அடங்கியிருப்பதே அதற்குக் காரணம். ஒரு வீட்டின் தலைவர் இடும் கையெழுத்துக்கே இவ்வளவு கனம் என்றால், அணுகுண்டுகளைத் தன் வசம் வைத்திருக்கும் ஒரு வல்லரசின் தலைவர் இடும் கையெழுத்துக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், தோழியரே!

அந்தக் கனத்தை முழுவதும் உணராமல் ஒருமுறை சம்மதம் தந்து, அதனால் உலகத்தின் முன் தலைகுனிந்து, அந்தத் தலைகுனிவிலிருந்தே பாடம் கற்றவர் ஒருவர் உண்டு. பின்னர் உலகமே அழிவின் விளிம்பில் நின்ற நாட்களில் அவர் நிதானமாகச் சிந்தித்துக் கையெழுத்திட்டார். அவரே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 35-வது ஜனாதிபதி ஜான் பிட்ஸ்ஜெரால்டு கென்னடி. அவரது வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

இளமைப் பருவம்

1840-களில் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. அக்காலத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய எண்ணற்ற ஏழைக் கத்தோலிக்கர்களுள் பேட்ரிக் கென்னடி என்பவரும் ஒருவர். அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீப்பாய் செய்யும் தொழிலாளியாக வாழ்ந்து மறைந்தார். அந்தத் தொழிலாளியின் கொள்ளுப் பேரன்தான் நம் கட்டுரையின் தலைவர்.

ஜான் கென்னடி 1917-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புரூக்லைன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் பெருஞ்செல்வர். தாய் ரோஸ், நம்மைப் போலவே கன்னியர் நடத்திய பள்ளிகளில் பயின்றவர். நாள்தோறும் திருப்பலி காணும் பக்தி உடையவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாய், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு அட்டை வைத்து, என்று அம்மை குத்தியது, எந்த நோய் எப்போது வந்தது என்றெல்லாம் குறித்து வைப்பாராம். இரண்டாவது மகனான ஜானின் அட்டைதான் வேகமாக நிரம்பியிருக்க வேண்டும். மூன்று வயது நிறையும் முன்பே செங்காய்ச்சல் அவரை மரண வாயில் வரை கொண்டு சென்றது. பின்னர் வயிற்று நோயும் முதுகுவலியும் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

பள்ளியில் அவர் முதல் மாணவர் அல்லர். குறும்பு அதிகம், எழுத்துப் பிழைகளும் அதிகம். கையெழுத்தோ வெறும் கிறுக்கல்! பிற்காலத்தில் உலகத்தையே காத்த கையெழுத்து, பள்ளிக்கூட நோட்டில் பார்ப்பதற்கு இலட்சணமாக இருக்கவில்லை என்பது நம்மில் சிலருக்கு ஆறுதல் தரும் செய்தி. ஆயினும் வாசிப்பில் அவருக்குப் பேரார்வம் இருந்தது. நோயுற்றுப் படுத்திருந்த நாட்களில் வரலாற்று நூல்களே அவருக்குத் தோழர்கள். 1940-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

கடலில் ஒரு சோதனை

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நோயாளியான அவர் வீட்டில் இருந்திருக்கலாம். அவரோ கடற்படையில் சேர்ந்தார். 1943 ஆகஸ்டு 2-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், பசிபிக் கடலில் சாலமன் தீவுகள் அருகே அவர் தலைமை தாங்கிய சிறு படகின்மீது ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று மோதி அதை இரண்டாகப் பிளந்தது. படகில் இருந்த 13 பேரில் இருவர் மாண்டனர். தீக்காயம் பட்ட ஒரு வீரரின் மிதவைச் சட்டை வாரைத் தம் பற்களால் கவ்விக்கொண்டு, நான்கு மணி நேரம் நீந்தி அவரைத் தீவொன்றில் கரை சேர்த்தார் கென்னடி.

உண்ண உணவில்லை, செய்தி அனுப்பத் தாளும் இல்லை. ஒரு தேங்காய் ஓட்டில் கத்தியால் செய்தியைக் கீறி, அத்தீவுகளைச் சேர்ந்த பியூக்கு காசா, எரோனி குமானா என்னும் இரு இளைஞர்களிடம் கொடுத்தார். அவர்கள் எதிரிகள் நிறைந்த கடலைச் சிறு தோணியில் கடந்து அதைச் சேர்ப்பித்தனர். பதினொரு பேரும் பிழைத்தனர். தம் கட்டளையின் கீழ் இருந்தவர்களின் உயிர் தம் பொறுப்பு என்பதை 26 வயதில் அவர் கற்றது அந்தக் கடலில்தான். அந்தத் தேங்காய் ஓட்டை அவர் கடைசி வரை எங்கே வைத்திருந்தார் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு அண்ணன் ஜோசப் போர் விமானம் வெடித்து இறந்தார். அரசியலில் நுழைவார் என்று தந்தை எதிர்பார்த்திருந்த மூத்த மகன் மறைந்தார். அந்தப் பாதை இளையவரின் முன் திறந்தது.

வெள்ளை மாளிகையை நோக்கி

1946-இல் கென்னடி மக்கள் பிரதிநிதி சபைக்கும், 1952-இல் செனட் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953-இல் ஜாக்குலினை மணந்தார். 1960-இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார்.

அப்போது அவர் முன் எழுந்த பெருந்தடை, அவருடைய கத்தோலிக்க விசுவாசம். 1928-இல் ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் நின்று தோற்றிருந்தார். கத்தோலிக்கர் ஒருவர் ஜனாதிபதியானால் ரோமையிலிருந்து வரும் உத்தரவுப்படி கையெழுத்திடுவார் என்று பலர் அஞ்சினர். கென்னடி இந்த அச்சத்தைக் கண்டு ஒளியவில்லை. 1960 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் பிராட்டஸ்டண்ட் குருமார் கூட்டத்தில் நேரில் போய் நின்றார். தம் மனச்சாட்சியின்படியும் நாட்டின் நலன்படியுமே முடிவெடுப்பதாகவும், இரண்டும் ஒத்துவராத நிலை வந்தால் பதவியை விட்டு விலகுவதாகவும் உறுதி கூறினார்.

சுமார் 6 கோடியே 88 லட்சம் பேர் வாக்களித்த அத்தேர்தலில், ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1961 சனவரி 20-ஆம் நாள், தமது 43-ஆம் வயதில் பதவியேற்றார். அந்நாட்டின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி அவரே. அறுபது ஆண்டுகள் கழித்து 2021-இல் பதவியேற்ற ஜோ பைடன்தான் இரண்டாமவர்.

ஜனாதிபதியின் மேசை

வெள்ளை மாளிகையில் அவர் பயன்படுத்திய மேசைக்கும் ஒரு கதை உண்டு. ஆர்க்டிக் பனிக்கடலில் கைவிடப்பட்டு மிதந்து வந்த பிரிட்டிஷ் கப்பல் ஒன்றை அமெரிக்கர் மீட்டுத் திருப்பிக் கொடுத்தனர். நன்றியாக, விக்டோரியா மகாராணி அக்கப்பலின் மரத்தால் செய்த மேசையை 1880-இல் அனுப்பி வைத்தார். மாளிகையின் வேறோர் அறையில் கிடந்த அதனைத் தேடியெடுத்து, 1961-இல் கணவரின் அலுவலக அறையில் போட்டவர் ஜாக்குலின். கென்னடி அதன்மீது எதை வைத்தார் தெரியுமா? மரத்தில் பதித்த அந்தத் தேங்காய் ஓட்டைத்தான்! கையெழுத்துக்கு வரும் ஒவ்வொரு தாளின் அருகிலும், கடலில் தத்தளித்த உயிர்களின் நினைவு இருந்தது.

ஜனாதிபதி கையெழுத்திடும் தாள்களில் சட்ட மசோதாக்கள் தவிர நான்கு வகை முக்கியமானவை. முதலாவது நியமனம். அமைச்சர், தூதர், நீதிபதி ஆகியோரின் பெயரை ஜனாதிபதி முன்மொழிவார். செனட் சபை ஏற்றால்தான் அது நிலைக்கும். இரண்டாவது நிர்வாக ஆணை. அரசு அலுவலகங்கள் இவ்வாறு நடக்க வேண்டும் என்று அவர் தாமே இடும் உத்தரவு அது. மூன்றாவது பிரகடனம். நாட்டுக்கும் உலகுக்கும் முறைப்படி அறிவிப்பது. நன்றியறிதல் நாளை அறிவிப்பதும் பிரகடனம்தான், கடலில் கப்பல்களைத் தடுப்பதை அறிவிப்பதும் பிரகடனம்தான். நான்காவது தேசப் பாதுகாப்புக் கட்டளை. இராணுவம், வெளியுறவு, உளவு ஆகியவை பற்றி உரியவர்களுக்கு மட்டும் செல்லும் இரகசியத் தாள் அது. கென்னடி காலத்தில் இத்தகைய கட்டளைகள் 270-க்கும் மேல் வெளியாயின. அவை பல ஆண்டுகள் கழித்தே மக்கள் பார்வைக்கு வந்தன.

முதல் கையெழுத்துகள்

பதவியேற்ற மறுநாளே கென்னடி இட்ட முதல் நிர்வாக ஆணை ஏழைகளின் உணவைப் பற்றியது. தேர்தல் காலத்தில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் வறுமையை அவர் நேரில் கண்டிருந்தார். வேலையற்ற குடும்பங்களுக்கு அரசு வழங்கும் உணவுப் பொருள்களின் அளவையும் வகையையும் உயர்த்துமாறு உத்தரவிட்டார்.

1961 மார்ச் 1-ஆம் நாள் இட்ட ஆணையால் அமைதிப் படை பிறந்தது. படித்த இளைஞரும் இளம்பெண்களும் ஏழை நாடுகளுக்குச் சென்று, அம்மக்களோடு வாழ்ந்து, கல்வியும் உழவும் சுகாதாரமும் வளர உழைக்கும் அமைப்பு இது. நம் இந்தியாவிலும் 1961 முதல் 1976 வரை இத்தொண்டர்கள் பணியாற்றினர். 1961 டிசம்பரில் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்து, எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரைத் தலைவியாக்கினார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்னும் சட்டத்தில் 1963 ஜூன் 10-ஆம் நாள் கையெழுத்திட்டார்.

நியமனங்களில் அவர் கண்டனமும் பெற்றார், பாராட்டும் பெற்றார். தம் சொந்தத் தம்பி, 35 வயது ராபர்ட்டை அட்டர்னி ஜெனரலாக முன்மொழிந்தபோது பலர் முகம் சுளித்தனர். கறுப்பின மக்களின் வழக்கறிஞராகப் புகழ்பெற்ற தர்குட் மார்ஷலை மேல்முறையீட்டு நீதிபதியாக முன்மொழிந்தபோதோ, செனட் சபையில் சிலர் ஏறக்குறைய ஓராண்டு இழுத்தடித்தனர். டெக்சாஸ் மாநிலத்தில் சாரா ஹியூஸ் என்னும் பெண்மணியை மத்திய நீதிபதியாக்கும் யோசனை வந்தபோது, அவருக்கு 65 வயதாகிவிட்டது என்ற ஆட்சேபம் எழுந்தது. உதவி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவருக்காகப் பரிந்து பேசினார். 1961 அக்டோபரில் கென்னடி அந்த நியமனத்தில் கையெழுத்திட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், தோழியரே.

ஒரு தவறும் ஒரு பாடமும்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள் நம் முன்னோர். கென்னடி விட்டார்.

அமெரிக்காவின் அருகே உள்ள கியூபா தீவில் பிடல் காஸ்ட்ரோவின் ஆட்சி நடந்தது. நாடு கடந்து வந்த சுமார் 1,400 கியூபர்களுக்கு உளவுத்துறை இரகசியமாகப் பயிற்சி தந்து, அவர்களை அங்கே இறக்கும் திட்டத்தை முந்தைய ஆட்சியிலேயே தயாரித்திருந்தது. புதிய ஜனாதிபதியின் முன் அத்திட்டம் வைக்கப்பட்டது. அனுபவம் மிக்க அதிகாரிகள் தலையாட்டினர். கேட்க வேண்டிய கேள்விகளை அவர் போதுமான அளவு கேட்கவில்லை; மறுத்துப் பேசியவர்களின் குரல் எடுபடவில்லை. 1961 ஏப்ரல் 17-ஆம் நாள் பன்றிகள் விரிகுடாவில் அவர்கள் இறங்கினர். மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அமெரிக்கா தலைகுனிந்தது.

பழியை முந்தைய ஆட்சியின் மீதும் அதிகாரிகள் மீதும் போட்டிருக்கலாம். ஆனால் பத்திரிகையாளர் முன் நின்று, ஆட்சியின் பொறுப்பாளி தாமே என்று ஒப்புக்கொண்டார் கென்னடி. நாம் பாவசங்கீர்த்தனத்தில் கற்றுக்கொள்ளும் முதல் பாடமும் இதுதானே? ஆனால் தவற்றை ஏற்பது பாதி வழிதான். இனி அது நேராமல் திருத்திக்கொள்வது மீதிப் பாதி. அந்த ஆண்டு ஜூன் மாதம் அவர் இட்ட 55-ஆம் எண் பாதுகாப்புக் கட்டளையில், படைத் தலைவர்கள் இனித் தங்கள் ஆலோசனையை நேராகவும் மறைக்காமலும் தம்மிடமே சொல்ல வேண்டும் என்று பணித்தார். கேள்வி கேட்கவும் கற்றுக்கொண்டார்.

அஞ்சலில் வந்த பேனாக்கள்

தவறாக விரைந்தது ஒரு குற்றம் என்றால், செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டதும் ஒரு குற்றமே. அதையும் கென்னடி செய்தார்.

அரசு உதவியுடன் கட்டப்படும் வீடுகளைக்கூடக் கறுப்பினத்தவருக்குத் தர மறுக்கும் கொடுமை அந்நாட்டில் இருந்தது. இதை ஒரு பேனா அசைவில் ஒழித்துவிடலாம் என்று தேர்தலில் பேசிய கென்னடி, பதவிக்கு வந்தபின் தென்மாநில அரசியல்வாதிகளின் எதிர்ப்புக்கு அஞ்சி மாதக்கணக்கில் தயங்கினார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பேனா இல்லாமல்தான் கையெழுத்துப் போடவில்லை போலும் என்று, வெள்ளை மாளிகைக்கு அஞ்சலில் பேனாக்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்! இறுதியில் 1962 நவம்பர் 20-ஆம் நாள் அவர் அந்த ஆணையில் கையெழுத்திட்டார்.

இதற்கிடையே மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர் சேருவதை ஆளுநரும் வெறிக்கும்பலும் தடுத்தனர். செப்டம்பர் 30-ஆம் நாள், தடுப்போர் கலைந்து செல்லப் பணிக்கும் பிரகடனத்தில் கென்னடி கையெழுத்திட்டார். அன்றிரவுக் கலவரத்தில் இருவர் இறந்தனர். மறுநாள் படைவீரர் காவலில் மெரிடித் மாணவராகப் பதிவு பெற்றார். கல்லூரியில் பெயர் பதிவது நமக்கு ஒரு படிவம் நிரப்பும் வேலை. அவருக்கோ அது உயிரைப் பணயம் வைத்த செயல்! 1963 ஜூனில் அலபாமா மாநிலத்தில் இரண்டு மாணவர்களுக்காக மீண்டும் இத்தகைய பிரகடனம் தேவைப்பட்டது. அன்றிரவே கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, இது அறநெறி சார்ந்த பிரச்சினை என்று நாட்டுக்கு எடுத்துரைத்தார். அவர் கொண்டுவந்த சமவுரிமை மசோதா, அவர் மறைந்தபின் 1964 ஜூலை 2-ஆம் நாள் சட்டமாயிற்று.

பதின்மூன்று நாட்கள்

1962 அக்டோபர் 16-ஆம் நாள் காலை. சோவியத் ரஷ்யா கியூபாவில் அணு ஏவுகணைத் தளங்களை இரகசியமாகக் கட்டிவருவதைக் காட்டும் புகைப்படங்கள் கென்னடியிடம் வந்தன. உடனே விமானங்களை அனுப்பிக் குண்டு வீசுங்கள் என்றனர் படைத் தலைவர்கள். அப்படிச் செய்தால் ரஷ்யா சும்மா இருக்காது. பதிலுக்குப் பதில் என்று போனால் உலகத்தில் எவரும் மிஞ்சமாட்டார்கள்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் தலையாட்டிய அதே மனிதர் இம்முறை தலையாட்டவில்லை. ஆலோசகர்கள் பலரைக் கூட்டி, எதிரெதிர்க் கருத்துகளை மனம் விட்டு வாதாடச் செய்தார். தாம் இருந்தால் தமக்குப் பிடித்ததையே சொல்வார்கள் என்று சில கூட்டங்களுக்கு வராமலே இருந்தார். பார்பரா டக்மன் என்ற பெண் வரலாற்றாசிரியர் எழுதிய, முதல் உலகப் போர் மூண்ட கதையை அவர் அப்போது படித்திருந்தார். யாரும் விரும்பாத போரில், ஒருவரையொருவர் தவறாகக் கணித்து நாடுகள் விழுந்த வரலாறு அது. அந்தத் தவறு தம் கையால் நேரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

முடிவில் குண்டுவீச்சுக்கும் சும்மா இருப்பதற்கும் இடையே ஒரு வழியைத் தேர்ந்தார். கியூபாவுக்கு ஆயுதம் ஏற்றிவரும் கப்பல்களைக் கடலிலேயே தடுப்பது என்பதே அவ்வழி. முற்றுகை என்று சொன்னால் அது போர்ச் செயலாகும். ஆகையால் தொற்றுநோய் உள்ளவரைப் பிரித்து வைப்பதற்கு வழங்கும் குவாரண்டைன் என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். அக்டோபர் 22-ஆம் நாள், ஆலோசகர் குழுவை முறைப்படி அமைக்கும் 196-ஆம் எண் பாதுகாப்புக் கட்டளையை இட்டார். அன்று மாலை தொலைக்காட்சியில் உலகுக்கு உண்மையைச் சொன்னார். மறுநாள் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் ஒப்புதல் கிடைத்தது. அன்று மாலை ஏழு மணியளவில், அந்தக் கப்பல் மர மேசையில் அமர்ந்து, 3504-ஆம் எண் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்.

அந்தத் தாளிலும் அவருடைய நிதானம் தெரிகிறது. அது கையெழுத்தான நொடியிலேயே நடைமுறைக்கு வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கே தடுப்புத் தொடங்கும் என்றது. எதிரியும் சிந்திக்க ஓர் இரவு கிடைத்தது. கப்பல் நிற்க மறுத்தால் மட்டுமே, அதுவும் தேவையான அளவே, பலத்தைப் பயன்படுத்தலாம் என்றும் அது வரையறுத்தது.

ஏவுகணை ஏற்றிவந்த கப்பல்கள் வழியிலேயே திரும்பின. 25-ஆம் நாள் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் வத்திக்கான் வானொலியில், அமைதி கேட்டுக் கதறும் மக்களின் குரலுக்குச் செவிசாய்க்குமாறு ஆட்சியாளர்களை மன்றாடினார். 26-ஆம் நாள் ஒரு சரக்குக் கப்பலை அமெரிக்க வீரர்கள் ஏறிச் சோதித்தனர். ஆயுதம் இல்லாததால் போகவிட்டனர். சோதனையில் பங்கு பெற்ற போர்க்கப்பல் ஒன்றின் பெயர் ஜோசப் கென்னடி. ஆம், போரில் மறைந்த அண்ணனின் பெயர் சூட்டப்பட்ட கப்பல்!

27-ஆம் நாள் சனிக்கிழமை மிகப் பயங்கரமானது. கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி ருடால்ப் ஆண்டர்சன் உயிரிழந்தார். பதிலடி கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினர். கென்னடி அந்த உத்தரவைத் தரவில்லை. என் கருத்தில், அவர் வாழ்நாளில் இட்ட எந்தக் கையெழுத்தையும்விட, அன்று இடாத அந்தக் கையெழுத்தே பெரியது. அன்றிரவு தம்பி ராபர்ட்டை ரஷ்யத் தூதரிடம் அனுப்பினார். கியூபாவின் மீது படையெடுப்பதில்லை என்று வாக்களித்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றவும் இரகசியமாக இசைந்தார். 28-ஆம் நாள் ஞாயிறன்று ரஷ்யத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். உலகம் மூச்சு விட்டது. குருஷ்சேவும் தம் பங்குக்கு விட்டுக்கொடுத்ததை நாம் மறக்கக்கூடாது. அதனால்தான், வெற்றி என்று யாரும் கொண்டாடக்கூடாது எனக் கென்னடி தம்மவர்க்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நவம்பர் 21-ஆம் நாள் மற்றொரு பிரகடனத்தால் கடல் தடுப்பை நீக்கினார்.

அதே அக்டோபர் 20-ஆம் நாள்தான் சீனப் படைகள் நம் நாட்டின் எல்லையைத் தாக்கின. பண்டித நேரு உதவி கேட்டபோது, தம் தலைக்குமேல் இத்தனை பாரம் இருந்தும் கென்னடி ஆயுதங்களையும் விமானங்களையும் அனுப்பி உதவினார்.

அமைதியின் பாதை

1963 ஏப்ரலில் பாப்பரசர் உலக அமைதி பற்றிய தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். ஆகஸ்டு மாதம், காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. செனட் சபை ஏற்றபின், அக்டோபர் 7-ஆம் நாள் கென்னடி அதை உறுதி செய்து கையெழுத்திட்டார். இந்த இரண்டுக்கும் இடையில், ஆகஸ்டு 7-ஆம் நாள் பிறந்த அவருடைய ஆண் குழந்தை பேட்ரிக் இரண்டே நாளில் இறந்தது. மற்றவர்களின் குழந்தைகள் நச்சுக் காற்றைச் சுவாசிக்கக்கூடாது என்று உழைத்த தந்தை, மூச்சுத் திணறி இறந்த தம் குழந்தையைப் புதைத்துவிட்டு மீண்டும் மேசைக்கு வந்தார்.

அவருடைய தங்கை ரோஸ்மேரி மனவளர்ச்சி குன்றியவர். அத்தகையோரின் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் நிலையங்கள் அமைக்க நிதி தரும் சட்டத்தில் அக்டோபர் 31-ஆம் நாள் கையெழுத்திட்டார்.

குறைகளையும் சொல்வதே முறை. வியட்நாமில் சில நூறாக இருந்த அமெரிக்க இராணுவ ஆலோசகர்கள் அவர் காலத்தில் 16,000-க்கு மேல் பெருகினர். 1963 அக்டோபரில் ஆயிரம் பேரைத் திரும்ப அழைக்கும் கட்டளையை ஏற்றார். ஆனால் அந்தப் போர் அவருக்குப் பின் பெருந்தீயாக வளர்ந்தது. எல்லாக் கையெழுத்தும் நன்மையில் முடிவதில்லை.

டல்லாஸ் நகரில்

நவம்பர் தொடக்கத்தில், அம்மாதம் 28-ஆம் நாளை நன்றியறிதல் நாளாக அறிவிக்கும் பிரகடனத்தை வெளியிட்டார். அந்த நாளைக் காண அவர் இல்லை. 1963 நவம்பர் 22-ஆம் நாள், டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் நகரில், திறந்த காரில் மனைவியுடன் சென்றபோது சுடப்பட்டு வீழ்ந்தார். மருத்துவமனையில் ஒரு கத்தோலிக்கக் குரு வந்து அவருக்கு நோயிற் பூசுதல் வழங்கினார். அப்போது அவருக்கு வயது 46.

நாட்டுக்கு உடனே புதிய ஜனாதிபதி தேவை. டல்லாஸ் விமான நிலையத்தில் நின்ற ஜனாதிபதியின் விமானத்துக்குள் லிண்டன் ஜான்சன் பதவியேற்க வேண்டும். பிரமாணம் செய்துவைக்க ஒரு நீதிபதியை அழைத்தனர். வந்தவர் சாரா ஹியூஸ். ஆம், வயதாகிவிட்டது என்று ஆட்சேபிக்கப்பட்டு, கென்னடியின் கையெழுத்தால் நீதிபதியான அதே பெண்மணி! அமெரிக்க ஜனாதிபதி ஒருவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த ஒரே பெண் இன்றுவரை அவர்தான். வேதாகமம் என்று எண்ணி, விமானத்தில் கென்னடியின் அறையிலிருந்து எடுத்து வந்த நூலின்மீது ஜான்சன் கை வைத்தார். அது வேதாகமம் அன்று, கத்தோலிக்கத் திருப்பலிப் புத்தகம் என்பது பின்னர்தான் தெரிந்தது.

நவம்பர் 25-ஆம் நாளைத் துக்க நாளாகப் புதிய ஜனாதிபதி பிரகடனம் செய்தார். வாஷிங்டன் நகரின் புனித மத்தேயு பேராலயத்தில் திருப்பலிக்குப் பின், ஆர்லிங்டன் கல்லறையில் கென்னடி அடக்கம் செய்யப்பட்டார். அங்கே ஜாக்குலின் ஏற்றிய அணையாச் சுடர் எரிந்துகொண்டிருக்கிறது.

முடிவுரை

அன்புத் தோழியரே, கென்னடி குறையே இல்லாத புனிதர் அல்லர். விரைந்து தவறினார்; தயங்கியும் தவறினார். ஆனால் தவற்றைத் தம்முடையது என்று ஏற்றார். மறுமுறை கேள்வி கேட்டார். எதிரிக்கும் சிந்திக்க நேரம் கொடுத்தார். இவை மூன்றும் அரசர்களுக்கு மட்டும் உரிய குணங்கள் அல்ல.

நாளை நம்மில் ஒருத்தி ஆசிரியையாகி ராங்க் கார்டில் கையெழுத்திடுவாள். ஒருத்தி மருத்துவராகி மருந்துச் சீட்டில் கையெழுத்திடுவாள். ஒருத்தி சாரா ஹியூஸைப் போல நீதிபதியாகித் தீர்ப்பில் கையெழுத்திடுவாள். மற்றவளும் தாயாகித் தன் மகள் கதவோரம் நிற்கக் கையெழுத்திடுவாள். அப்போது பேனாவை எடுக்குமுன் ஒரு கணம் நிற்போம். இந்தக் கையெழுத்தால் யாருடைய வாழ்வு மாறும் என்று நினைத்துப் பார்ப்போம். அந்த ஒரு கணத்தை நமக்குத் தர வேண்டுமென்று இறைவனை மன்றாடுவோமாக!